பாஸுக்கு ஆர் பிணை?

ஆங்கில அகராதிகளில் அதிக இடம் பிடித்திருக்கும் சொற்கள் பெரும்பாலும் மிகச் சிறியவையாகவே இருக்கும். 'செற்', 'ரன்', 'ரேக்' ஆகியவற்றின் பொருள்கள் பக்கக் கணக்கில் நீளும். 'பாஸ்' அவற்றுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் சொல். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், ஒரு சொல் எத்தனை பொருள்களைச் சுமக்கும் என்று காட்டுவதற்கு இந்தச் சொல்லையே அடிக்கடி எடுப்பதுண்டு. ஆங்கிலம் வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும் என்பதே அதற்குக் காரணம். அண்மையில் ஒரு வகுப்பில், வீட்டிலும் வீதியிலும் இந்தச் சொல்லை எந்தெந்தப் பொருளில் கேட்டிருக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். சோதினை பாஸ், உதைபந்தாட்டத்தில் பாஸ், ரைம் பாஸ், வங்கியில் லோன் பாஸ், பிரதேச சபையில் வீட்டுப் பிளான் பாஸ், வைஃபை பாஸ்வேர்ட், வெளிநாடு போகப் பாஸ்போட் என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை பெற்றோலுக்கு எடுத்த பாஸையும் மறக்காமல் சேர்த்திருந்தாள். நல்ல பட்டியல்தான். ஆனால் அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக்கொண்டு போனபோது, என் வயதுக்காரர் எவரிடமாவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் முதல் வரியில் எழுதியிருக்கக்கூடிய பொருள், போர்க்காலத்தில் ஊரைவிட்டு வெளியே போக வாங்கிய அனுமதித் துண்டு என்ற பொருள், ஒரு தாளிலும் இல்லை என்பது கண்ணில் பட்டது.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 2005ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது தெரியாமல் இருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரியாமல் வளர முடிந்தது நல்ல காலம் என்றும் சொல்லலாம். இருந்தும் அந்த வெற்றிடம் என்னை விடவில்லை. ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே சொல்லைப் பேத்தியும் அம்மம்மாவும் நாள்தோறும் பேசுகிறார்கள். ஒருவருக்கு அது பந்து, மற்றவருக்கு அது கதவு. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சில காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

காலடியில் பிறந்த சொல்

இலத்தீனில் 'பாசுஸ்' என்றால் ஓர் எட்டு, ஒரு காலடி. அதிலிருந்து பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இந்தச் சொல். நடையின் வேகத்தைக் குறிக்கும் 'பேஸ்' அதன் உடன்பிறப்பு. கடந்தகாலத்தைக் குறிக்கும் 'பாஸ்ற்' என்பது 'கடந்துபோன' என்ற இதே வினையின் பழைய வடிவம். 'பாசஞ்சர்' என்பவர் கடந்து செல்கிறவர். 'பாஸ்போட்' என்பதில் துறைமுகமும் வாயிலும் சேர்ந்துகொள்கின்றன. நாங்கள் ரைம் பாஸ் என்று சொல்வதைக் கொச்சை என்று சிலர் திருத்துவார்கள்; ஆனால் பொழுதுபோக்கைக் குறிக்கும் 'பாஸ்ரைம்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குள்ளே அதே இரண்டு துண்டுகளும் இடம் மாறி இருக்கின்றன. எங்கள் பொடியள் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனிதன் தன் காலால் நடந்துகொண்டிருக்கிறான். வீதியைக் கடக்கிறான், வயதைக் கடக்கிறான், சோதினையைக் கடக்கிறான், கடைசியில் உயிரையும் கடந்து போகிறான். ஆங்கிலேயர் இறப்பைச் சொல்லத் தயங்கும்போது 'பாஸ்ட் அவே' என்று சொல்வதை நாங்கள் இரவல் வாங்கத் தேவை இருக்கவில்லை. எங்களிடம் 'காலமானார்' இருந்தது. சாமியார்களுக்கென்று 'சித்தியடைந்தார்' இருந்தது. இலங்கையின் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளிலும் அதே 'சித்தி'தான். சாதாரண சித்தி, திறமைச் சித்தி என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தெரியாது. ஆனால் ஒரு பரீட்சைப் பெறுபேறும் ஒரு துறவியின் மறைவும் இரண்டு மொழிகளிலும் ஒரே சொல்லின் கீழ் வந்து சேர்வதைக் காணும்போது, அந்தச் சொற்களை ஆக்கியவர்கள் ஒன்றையே நினைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பேச்சுவழக்கில் இந்தச் சொல் எடுத்திருக்கும் வடிவங்கள் இன்னும் விந்தையானவை. 'பாஸ் அவுட்' என்றால் இராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியேறுவது. அதே சொல் மயங்கி விழுவதையும் குறிக்கும். ஒருவரிடம் 'பாஸ்' போடுவது என்றால் காதல் நோக்கோடு நெருங்கிப் பார்ப்பது. அமெரிக்கர் ஒருவருக்குப் 'பாஸ் கொடுத்தோம்' என்றால் அவர் செய்த பிழையைக் கண்டும் விட்டுவிட்டோம் என்று பொருள். அங்கே பள்ளிப் பிள்ளை வகுப்பு நேரத்தில் நடைவழியில் நடப்பதற்கே ஒரு துண்டு வேண்டும்; அதன் பெயரும் பாஸ்தான். இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது மறுப்புப் பொருள். கனடாவிலிருந்து வந்திருந்த எங்கள் மருமகப் பொடியன் ஒருவன், மத்தியானம் ஒடியல் கூழை அள்ளிக்கொண்டு வந்த என் மாமியாரிடம் 'ஐ வில் பாஸ்' என்றான். அவர் சட்டியை அவனிடமே நீட்டி, "ஆருக்குப் பாஸ் பண்ணப்போறீர் தம்பி, முதல்லை நீர் குடியும்" என்றார். அவன் 'எனக்கு வேண்டாம்' என்றான். அவர் 'அடுத்தவருக்குக் கொடுக்கிறேன்' என்று கேட்டார். இரண்டுமே பிழையில்லாத ஆங்கிலம்.

இந்த மறுப்புப் பொருள் எங்களுக்கு அடியோடு தெரியாதது என்றும் இல்லை. முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டத்தை விளையாடுகிற எவருக்கும் அது பழக்கம். ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஒரு சாதிக்கு 76 புள்ளி, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. முதல் நான்கு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, துரும்பைக் கேட்கத் துணிவில்லாதவர் 'பாஸ்' என்பார். அந்த ஒரு சொல்லில் அவருடைய கணிப்பும் பயமும் தந்திரமும் எல்லாம் இருக்கும். ஆனாலும் முடிவு அவருடையது. கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவும் முடியாது, கேட்காதே என்று தடுக்கவும் முடியாது. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் மாலை நேரத்தில் "பாஸ் குடடா, பாஸ் குடு" என்று கடற்கரைத் திடலில் கேட்கும் குரலும் அப்படித்தான். பந்து வைத்திருப்பவன் கொடுக்கலாம், கொடுக்காமல் தானே கொண்டு ஓடலாம். பின்னர் கூட்டாளிகளிடம் ஏச்சு வாங்கலாம். அங்கே கொடுப்பவனும் கேட்பவனும் ஒரே மைதானத்தில், ஒரே உயரத்தில் நிற்கிறார்கள்.

சோதினைப் பாஸ் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கேயும் காலடி இருக்கிறது, ஆனால் கோட்டைப் போடுகிறவர் வேறொருவர். 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியையும் மாவட்டத்தையும் பார்த்துப் புள்ளிகளைச் சரிசெய்யும் தரப்படுத்தல் வந்தபோது எங்கள் ஊரில் 'பாஸ் பண்ணினான், எண்டாலும் எடுபடேல்லை' என்ற வசனம் வீடு வீடாகப் புகுந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் ஒரு வளாகமாகத் தொடங்கியது. அது முழுப் பல்கலைக்கழகமாகிப் பல தசாப்தங்கள் ஆகியும் ஊர் அதை 'கம்பஸ்' என்றே சொல்கிறது. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வந்த பிறகு, பாஸ் என்பது கம்பஸுக்குப் போதாத ஒன்று என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கடந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள, இன்னும் இல்லை என்று இன்னொருவர் சொல்லக்கூடிய நிலை அது. இந்தச் சொல்லுக்குள் இன்னொருவரின் கை நுழைவதை நாங்கள் அங்கேதான் முதலில் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

போய்வரும் துண்டு

1990இன் நடுப்பகுதியிலிருந்து 1995 இடப்பெயர்வு வரைக்கும் குடாநாட்டுக்குள் இருந்தவர்களுக்கு நான் பாஸ் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. வெளியே போவதற்கு, அன்றைக்குக் குடாநாட்டைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகளிடம் எழுதிக் கேட்க வேண்டும். யார், எங்கே, என்னத்துக்கு, எப்போது திரும்பி வருவது என்று பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிறவர் திரும்பி வரும்வரைக்கும் அவருக்காக ஒருவர் பிணை நிற்க வேண்டும். இளம் வயதுக்காரருக்கு அது கிடைப்பது கடினம். பலருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் அப்பாவுக்குக் கண்ணில் ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டி இருந்தது. கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாரங்களில் வேறு பேச்சே இருக்கவில்லை. "பாஸ் போட்டாச்சோ", "பாஸ் வந்திட்டுதோ", "பாஸ் எப்பவாம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்டார்கள். அப்பாவின் தம்பி, எங்கள் சின்னையா, பிணை நின்றார். அவருக்குத் தோட்டத்தில் வெங்காயம் நட்டிருந்தது, சிறு பிள்ளைகள் இருந்தார்கள், அவருக்கும் வெளியே ஒரு வேலை கிடந்தது. அப்பா திரும்பி வரும்வரைக்கும் அவருடைய கால் கட்டப்பட்டது. அப்பா கிளாலிக்குப் போய், இரவோடு இரவாக வள்ளத்தில் நீரேரியைக் கடந்து, வன்னியால் நடந்தும் ஏறியும் தாண்டிக்குளத்துக்குப் போனார். ஆனையிறவிலும் பூநகரியிலும் முகாம்கள் இருந்ததால் அதற்கு முன்னர் கொம்படி, ஊரியான் என்று ஒவ்வொரு பாதையாகத் திறந்து மூடி, கடைசியில் கிளாலிதான் எஞ்சியிருந்தது. அந்தக் கடலில் பலர் உயிரிழந்தார்கள். அப்பா கண் கட்டோடு திரும்பி வந்த அன்றைக்கு வீட்டுக்கு வருமுன்னர் சின்னையா வீட்டுக்குத்தான் போனார். "வந்திட்டன்" என்றார். சின்னையா, "ஓம், இனி நான் போகலாம்" என்றார். அவர் எங்கும் போகவில்லை. போகலாம் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

ஒருவருடைய நடை இன்னொருவருடைய நிற்றலால் வாங்கப்படுவது என்பதை நான் அந்த வாரங்களில் கண்டேன். இலத்தீனிலிருந்து அதுவரை இந்தச் சொல் சுமந்து வந்த காலடி எங்கே போனது என்று இன்று யோசிக்கும்போது, அது ஒரு துண்டுக் கடதாசிக்குள் போய்விட்டது என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் அது முதலில் வினை: நான் கடக்கிறேன். எங்கள் வாயில் அது பெயராக இறுகியது: எனக்கு அவர்கள் தரவேண்டும்.

அதே ஆண்டுகளில் ஜேர்மனியிலிருந்து என் மூத்த மச்சான் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. 'எனக்கு இன்னும் பாஸ் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார். ஜேர்மன் மொழியில் 'பாஸ்' என்றால் கடவுச்சீட்டு. அவர் அந்த நாட்டுப் பேச்சையே எழுதியிருந்தார். கடிதத்தை வாசிக்கக் கேட்ட அம்மம்மா, "அங்கையும் பாஸோ?" என்று கேட்டுவிட்டு, "ஆர் பிள்ளை அவனுக்குப் பிணை நிக்கிறது அங்கை?" என்றார். அப்போது நாங்கள் அவருக்கு விளக்கம் சொன்னோம். ஆனால் அகதி விண்ணப்பம் முடிவாகாமல், நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்த மச்சானின் அன்றைய வாழ்க்கையை நினைத்தால், அம்மம்மா கேட்டதில் பிழை எதுவும் இருந்ததாக எனக்கு இப்போது தோன்றவில்லை.

ஆட்சி மாறியது, சொல் மாறவில்லை. 1990களின் பிற்பகுதியில் வவுனியாவுக்குப் போனவர்கள் அங்கே அரச தரப்பிடம் வேறு வகைப் பாஸ்களை எடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, கூடிய நாள்களுக்கு இன்னொன்று, அங்கே குடியிருப்பவருக்கு வேறொன்று. யாழ்ப்பாணத்தில் கடற்றொழிலாளருக்குக் கடலில் இறங்குவதற்கே பாஸ் வேண்டியிருந்தது. தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து இறங்கிவந்த கடலுக்கு, கரையில் நிற்கும் ஒருவரிடம் காலையில் துண்டு வாங்கி மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், அந்தச் சொல் ஒரு மீனவர் வாயில் என்ன சுவையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் சொந்த நாட்டில் நடமாடப் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அதை எதிர்த்துக் கூடியவர்கள்மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டங்கள் 1986இல்தான் நீங்கின. ஆங்கிலம் போன வேறு இடங்களிலும் இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு இருண்ட பக்கம் இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் அதைத் தன் முறையில் அனுபவித்தது. எங்கள் பங்குக்கு வந்தது பிணை.

பெற்றோல் செற்றில்

2022 யூலையில் தேசிய எரிபொருள் பாஸ் வந்தது. அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: தேசிய அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தால் கைப்பேசியில் ஒரு கியூஆர் வரும். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடக்கத்தில் அளவு இருந்தது. 2023 செப்ரெம்பரில் அது நிறுத்தப்பட்டது. அந்த முறை வருவதற்கு முன்னர் வரிசையில் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. அன்றைக்கு அந்த வரிசையில் கேட்ட ஒரு கேள்வியைப்பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெற்றோல் செற்றில் இளைஞர்கள் சிலர் மேசை போட்டு, கைப்பேசி இல்லாதவர்களுக்கும் பாவிக்கத் தெரியாதவர்களுக்கும் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் எல்லா ஆவணங்களையும் அடுக்கி வைத்திருந்தார்: அடையாள அட்டை, வாகனப் புத்தகம், காப்புறுதி, அவற்றோடு விதானையாரின், அதாவது கிராம சேவகரின், கடிதம் ஒன்றும் இருந்தது. கடிதம் யாரும் கேட்கவில்லை. அவராக வாங்கி வந்திருந்தார்.

மேசையில் இருந்த பொடியன், "ஐயா, நீங்கள் இன்னும் பாஸ் எடுக்கேல்லையோ?" என்று கேட்டான். முதியவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எடுக்கத்தான் வந்தனான் தம்பி. பாஸுக்கு ஆர் பிணை நிக்கிறது? மகன்மார் ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்றார்.

பொடியனுக்கு விளங்கவில்லை. "பிணையோ? இது லோன் இல்லை ஐயா. ஐடென்ரிக்காட் நம்பரும் சசி நம்பரும் காணும்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. முதியவர் வங்கியையும் பெற்றோல் செற்றையும் குழப்பிவிட்டார் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் வரிசையில் நின்றவர்களில் ஐம்பது தாண்டியவர்கள் எவரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா, மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது அந்தப் பாஸ் இல்லை. இது எண்ணெய்க்கு" என்றார். முதியவர் தலையை ஆட்டினார். "எண்ணெய்க்கும் பாஸ் எண்டால் பாஸ்தானே பிள்ளை" என்றார். பொடியன் பதிந்து முடித்து, கியூஆரை ஒரு துண்டில் அச்சிட்டுக் கொடுத்தான். முதியவர் அதை வாங்கி, "எப்ப திருப்பித் தரவேணும்?" என்று கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. பிணை யார் என்ற முதல் கேள்வியை முதுமையின் குழப்பம் என்று தள்ளிவிடலாம். ஆனால் திரும்பக் கொடுக்கும் நாள் எது என்று கேட்டபோது, அவர் குழம்பவில்லை என்று தெரிந்தது. அவருடைய மொழியில் அந்தச் சொல்லுக்கு முழுமையான, ஒழுங்கான ஒரு பொருள் இருந்தது. பாஸ் என்றால் கேட்டு வாங்குவது, காரணம் சொல்ல வேண்டியது, பிணை உள்ளது, நாள் குறித்தது, திருப்பிக் கொடுக்க வேண்டியது. அவர் அந்தப் பொருளைச் சரியாகப் பயன்படுத்தினார். அறிவித்தலில் அந்தச் சொல்லைப் போட்டவர்களுக்குத்தான் அதன் இந்தப் பொருள் தெரிந்திருக்கவில்லை. சலுகை, வசதி, முன்னுரிமை என்ற நகரத்துப் பொருளில் அதை எடுத்து நாடு முழுவதற்கும் பெயராக வைத்தார்கள். காலியிலோ குருநாகலிலோ அது வெறும் பெயர். இங்கே அது ஒருவரை விதானையாரிடம் கடிதம் வாங்க அனுப்பியது.

ஆனையிறவு

இதை எழுதும்போது திரும்பத் திரும்ப ஒரு பெயர்ப்பலகை நினைவுக்கு வருகிறது. ஏ-9 வீதியில் குடாநாட்டுக்குள் நுழையும் இடத்தில், எங்கள் வாசலின் பெயரே இந்தச் சொல்தான். ஆங்கிலத்தில் எலிபன்ற் பாஸ், சிங்களத்தில் அலிமங்கட, தமிழில் ஆனையிறவு. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத நீரேரியின் ஊடாகக் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்த இடம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஒல்லாந்தர் அங்கே ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தார்கள். யானைகள் பின்னர் ஊர்காவற்றுறையில் கப்பல் ஏறின. அந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கெயிற்ஸ்' என்ற பெயரும், யானைத் துறை என்ற பொருள்தரும் போர்த்துக்கேயப் பெயரின் எஞ்சிய துண்டு. அந்தப் பெயரிலும் யானைகள் தாமாகக் கடக்கவில்லை. விற்பதற்காகக் கடத்தப்பட்டன என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

'இறவு' என்பதை இன்று கேட்பவர்கள் இறப்பு என்று நினைப்பார்கள். 1991இலும் 2000இலும் 2009இலும் அங்கே நடந்த சண்டைகளுக்குப் பிறகு அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் 'இறத்தல்' என்பதன் முதற்பொருள் கடத்தல். 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்ற குறளில் வரும் 'இறப்பு' எல்லை கடந்து ஒருவர் செய்யும் தீங்கு. இலக்கணத்தில் 'இறந்த காலம்' என்பது கடந்த காலம். நடந்து கடப்பது, வரம்பைக் கடப்பது, காலம் கடப்பது, உயிர் கடப்பது என்று 'இற' என்ற வினை எடுத்த அத்தனை திருப்பங்களையும் 'பாஸ்' என்ற வினையும் எடுத்திருக்கிறது. ஆனையிறவு என்பதை எலிபன்ற் பாஸ் என்று மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒரே ஒரு திருப்பம் மட்டும் தமிழ்ச் சொல்லில் இல்லை. 'இற' என்ற வினையிலிருந்து அனுமதித் துண்டு என்ற பொருள் எங்களுக்குள் பிறக்கவே இல்லை. 'கட' என்ற வினையிலிருந்து கடவை வந்தது, வேலியில் கடப்பு வந்தது. கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் அண்மையில் மொழிபெயர்ப்பாக ஆக்கியவை. எங்கள் பழைய ஊர்களில் ஒருவர் வளவுக்குள்ளால் இன்னொருவர் போவதற்கு வேலியில் பொட்டு இருந்தது. போகிறவர் குரல் கொடுத்துவிட்டுப் போவார். எழுதிக் கேட்டதில்லை. ஆகவே துண்டு வந்தபோது அதற்கு எங்களிடம் சொந்தச் சொல் இருக்கவில்லை, ஆங்கிலத்தையே எடுத்தோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், காணிப் பதிவேட்டைக் குறிக்கும் போர்த்துக்கேயரின் தோம்பும் அலுவலகத்தைக் குறிக்கும் ஒல்லாந்தரின் கந்தோரும் எங்கள் பேச்சில் நிற்கின்றன. ஆள்பவர் கொண்டுவந்த காரியத்தோடு அவர்கள் சொல்லும் தங்கிவிடுகிறது. ஆனால் பாஸின் கதை இன்னும் கூர்மையானது: பிற்காலத்தில் எங்களைத் துண்டு கேட்க வைத்தவர்களில் எங்கள் மொழி பேசியவர்களும் இருந்தார்கள், அவர்களும் அந்த ஆங்கிலச் சொல்லையே சொன்னார்கள்.

அகராதிக்கு ஒரு பதிவு

என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இந்தப் பொருளை வகுப்பில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. "உந்தச் சொல் இப்பத்தான் சுகமாகியிருக்கு. பிள்ளையள் பந்துக்கும் சோதினைக்கும் அதைச் சொல்லித் திரியட்டும். நீர் ஏன் பழைய புண்ணைக் கிளறுறீர்?" என்று கேட்டார். அவருடைய தமையன் பாஸ் கிடைக்காமல் நின்றுவிட்ட ஒருவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவருடைய சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சில சொற்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவர் நம்புகிறார். நெடுநேரம் பேசினோம். அவர் என்னை மாற்றவில்லை, நானும் அவரை மாற்றவில்லை.

என் காரணம் இதுதான். அந்தப் பொருள் ஓய்ந்துவிடவில்லை. ஒரு தலைமுறையின் வாயிலும் காதிலும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. 2020 ஊரடங்கின்போது அரசாங்கம் ஊரடங்குப் பாஸ் என்று அறிவித்தபோதும் அது எழுந்தது, பெற்றோல் செற்றிலும் எழுந்தது, அடுத்த தடவை ஏதாவது ஒரு திட்டத்துக்கு யாராவது அழகான பெயர் தேடும்போதும் எழும். மேசையில் இருந்த பொடியனுக்கு அந்தப் பொருள் தெரிந்திருந்தால், லோன் இல்லை ஐயா என்று சொல்லியிருக்க மாட்டான். "பிணை தேவையில்லை ஐயா, திருப்பித் தரவும் தேவையில்லை, இது உங்களுக்கே" என்று முதல் வசனத்திலேயே சொல்லியிருப்பான். அந்த ஒரு வசனத்துக்காகவே அதைக் கற்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம் அகராதிகள் பிறந்த ஊர். 1842இல் மானிப்பாயில் அச்சான தமிழ் அகராதி இந்த மண்ணில் தொகுக்கப்பட்டது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதிக்கான வேலையின் தொடக்கமும் இங்கேதான். அந்த மரபில் வந்த ஊரில், ஐந்தாறு ஆண்டுகள் ஒவ்வொரு வீட்டின் நாளாந்தப் பேச்சையும் ஆண்ட ஒரு சொல்லின் பொருளை எந்த அகராதியிலும் காட்ட முடியாமல் நிற்கிறேன். ஆங்கில அகராதிகளில் 'செல்வதற்கான அனுமதிச் சீட்டு' என்று இருக்கிறது. அதில் பிணை இல்லை. பிணையை விட்டால் எங்கள் பொருளில் பாதி போய்விடும்.

ஆகவே எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டு ஒரு பதிவு எழுதிவருகிறேன். பிணை நின்றவர்கள் சொன்னது, போனவர்கள் சொன்னதிலிருந்து வேறாக இருக்கிறது. போனவர்கள் 'பாஸ் எடுத்தோம்' என்கிறார்கள். நின்றவர்கள் 'பாஸுக்கு நின்றோம்' என்கிறார்கள். 'நிற்றல்' என்ற வினை கடத்தலைக் குறிக்கும் ஒரு சொல்லோடு சேர்ந்து வருவது வேறெந்த மொழியிலும் இருக்குமோ என்று தெரியவில்லை. எங்களிடம் இருக்கிறது, அதையும் சேர்த்திருக்கிறேன். வவுனியாவில் எடுத்த பாஸ்களுக்கு மக்கள் வைத்திருந்த பெயர்கள் இன்னும் முழுமையாகச் சேரவில்லை. கடற்கரை ஊர்களில் வழங்கியவையும் கொஞ்சம்தான் கிடைத்திருக்கின்றன. இலக்கண வகை என்ற இடத்தில் முதலில் பெயர், வினை என்று இரண்டையும் எழுதியிருந்தேன். பிறகு கேட்டவை எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். எடுத்தோம், கிடைத்தது, தரவில்லை, முடிந்துவிட்டது, திருப்பிக் கொடுத்தோம், நின்றோம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்தார்கள். நான் பாஸ் பண்ணினேன் என்று அந்தப் பொருளில் ஒருவரும் சொல்லவில்லை. வினை என்பதை வெட்டிவிட்டு, பெயர் என்று மட்டும் வைத்திருக்கிறேன்.